3,400 டாலருக்கு என்ன கிடைத்தது: கல்லூரி கோல்ஃப் ரெக்ரூட்டிங் சேவை பற்றி ஓர் அம்மாவின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைக் கல்லூரி கோல்ஃப் டீமில் சேர்க்க கோச்களிடம் கொண்டுசேர்ப்பதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்துக்கு, மகளுக்காக நாங்கள் கட்டியது 3,400 டாலர். அதில் ஆயிரம் டாலருக்கு அருமையான வேலை நடந்தது. மீதிப் பணத்துக்குக் கிடைத்தது ஓர் இணையப் பக்கம், ஒரு வீடியோ, யாரும் படிக்காத ஒரு மூட்டை மின்னஞ்சல். கணக்கு எழுதுவது என் தொழில். ரசீதை முன்னால் வைத்துக்கொண்டு எது தேறியது, எது தேறவில்லை என்று வரி வரியாகப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மகள் நான்கு வருடக் கல்லூரி கோல்ஃபை ஆடி முடித்துவிட்டாள். பணம் கட்டிய மறுமாதமே விமர்சனம் எழுதுகிறவர்களால் பார்க்க முடியாத பாதியும் இப்போது என் கையில் இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு வேலை செய்த ஆலோசகர் அங்கிருந்து போய்விட்டார். அவர் இல்லாத இடத்தைப் பற்றி நான் நல்லது சொன்னாலும் பொருந்தாது, கெட்டது சொன்னாலும் பொருந்தாது. தவிர, இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் விற்கும் பேக்கேஜ் ஏறக்குறைய ஒன்றேதான். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், கேரியில். கோல்ஃபுக்குப் பேர்போன பைன்ஹர்ஸ்ட் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே நம் பிள்ளைகளில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கோடை வந்தால் தமிழ்ச் சங்கத்தில் யாராவது ஓர் அம்மா பிடித்துக்கொள்வார்: "அக்கா, நீங்க எடுத்தீங்களே அந்த சர்வீஸ், நாங்களும் எடுக்கலாமா?" போனில் துண்டு துண்டாகச் சொல்வதை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பேக்கேஜில் முதல் உருப்படி ப்ரொஃபைல். ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பினார்கள், நிரப்பிக் கொடுத்தோம். திரும்பி வந்த பக்கத்தில் மகள் சிரித்தபடி நிற்கும் பெரிய படம். கீழே, சிறு வயதிலிருந்தே கோல்ஃப் மேல் தீராத வேட்கை கொண்டவள், எந்தச் சவாலுக்கும் அஞ்சாதவள், பிறவித் தலைவி என்று ஒரு பத்தி. அவள் படித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, யாரும்மா இந்தப் பொண்ணு?"

அடைமொழிகளைக்கூட மன்னித்துவிடலாம். சாதனைகளை அடுக்கிய வரிசைதான் கொடுமை. உச்சியில் இருந்தது பள்ளி கான்ஃபரன்ஸ் பதக்கம், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் போட்டியில் வாங்கியது. பள்ளி மேட்ச்களில் பாதி, முழு ரவுண்டான 18 ஹோல் போகாமல் ஒன்பது ஹோலோடு முடிந்துவிடும், அதுவும் தெரிந்த மைதானத்தில். அவள் மூன்று நாள் ஆடி 78, 74, 75 என்று முடித்த ஏஜேஜிஏ (அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கம்) டோர்னமென்ட் ஏழாவது வரியில் கிடந்தது. கோல்ஃபில் எண் குறையக் குறைய நல்லது. அங்கே அவள் பதக்கம் வாங்கவில்லை, பதினெட்டாவது இடம்தான். எழுதியவருக்குப் பதக்கம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

கோச் பார்க்கும் விதமே வேறு. "மூன்றாம் இடம்" என்ற சொல் அவருக்கு ஒன்றுமே சொல்லாது. எத்தனை பேர் ஆடினார்கள், மைதானம் எத்தனை கெஜம், எத்தனை நாள், கூட ஆடியவர்கள் யார், ரவுண்டு ரவுண்டாக ஸ்கோர் என்ன என்று பார்ப்பார். 5,400 கெஜத்தில் ஒரே நாளில் அடித்த 72ஐ விட, 6,000 கெஜத்தில் காற்றடித்த இரண்டாம் நாள் அடித்த 76க்கு அவர் கூடுதல் மதிப்பு வைப்பார். பெண்கள் கல்லூரி டோர்னமென்ட்கள் நடப்பது ஏறக்குறைய அந்த நீளத்தில்தான் என்பது ஒரு காரணம். முதல் நாள் சொதப்பிய பிள்ளை மறுநாள் என்ன செய்தாள் என்பதும் அந்த மூன்று எண்ணில் தெரிந்துவிடும்.

அமெரிக்க ஆட்டக்காரர் ரோஸ் சாங் ஸ்டான்ஃபோர்டில் ஆடிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் யு.எஸ். விமன்ஸ் அமெச்சூர், 2021இல் யு.எஸ். கேர்ள்ஸ் ஜூனியர், இரண்டும் தேசியப் பட்டங்கள். 2022, 2023 இரண்டு ஆண்டும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) தனிநபர் பட்டம். பெண்களில் இரண்டு முறை அதை வென்ற முதல் ஆள். கல்லூரிக்காக ஆடியது 20 டோர்னமென்ட், ஜெயித்தது 12. 2023 ஏப்ரலில் ஆகஸ்டா நேஷனல் விமன்ஸ் அமெச்சூர், ஜூனில் புரொஃபஷனலாக ஆடிய முதல் டோர்னமென்ட்டிலேயே வெற்றி. இதில் எந்த இடத்தில் "தீராத வேட்கை" என்று செருகுவது? பட்டம் இல்லாத நம் பிள்ளைகளுக்கும் எண்கள்தான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புக் கோடையில் முதுகுவலி வந்து மகள் டோர்னமென்ட் எதுவும் ஆடவில்லை. ப்ரொஃபைல் எழுதியவர் தேதிகளைக் குழப்பி அந்த ஓட்டையை மூடியிருந்தார். ஆலோசகர் பார்த்ததும் திருத்தினார்: "கோடை முழுவதும் காயம், ஆகஸ்டில் திரும்பினாள்" என்று ஒரே வரி. அவர் சொன்ன உதாரணம் நமக்குத் தெரிந்த பெயர்தான், இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் சாஹித் தீகாலா. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மணிக்கட்டுக் காயத்தால் 2018–19 சீசன் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்து 2020இல் ஹாஸ்கின்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லஸ் என்று கல்லூரி கோல்ஃபின் மூன்று பெரிய விருதுகளையும் வாங்கினார். காலியாக இருக்கும் வருடத்தை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மறைத்தால்தான் நினைப்பார்கள் என்றார். அந்தத் திருத்தத்துக்காக அவருக்குத் தனியாகவே பணம் கொடுத்திருப்பேன்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே நின்று ஒன்று, பின்னால் நின்று ஒன்று, கொஞ்சம் சிப்பிங், கொஞ்சம் பட்டிங். இரண்டு நிமிடம் போதும், போனிலேயே எடுக்கலாம். இசை போட்டு, எழுத்தைப் பறக்கவிட்டு எடுத்த அந்த வீடியோவுக்கு ரசீதில் 450 டாலர்.

மின்னஞ்சல் விவகாரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இருநூறு கோச்களுக்கு மேல் உங்கள் மகளின் விவரம் போய்ச் சேரும்" என்பது விளம்பரம். போய்ச் சேர்ந்தது உண்மை. ஒரே கடிதம், கல்லூரிப் பெயர் மட்டும் மாறியது. ஒரு கடிதத்தில் அதுவும் மாறவில்லை. அனுப்பியது மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பிப்ரவரியில். என்சிஏஏ கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. அதில் மேலே இருக்கும் முதல் பிரிவின் விதிப்படி பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை கோச் ஒரு மாணவிக்குச் சேர்க்கை பற்றிப் பதில் எழுதவே கூடாது. அதற்கு முன் வருவதெல்லாம் கேள்வித்தாள் இணைப்பும் கேம்ப் அழைப்பும்தான். கேம்ப் என்பது காசு கட்டினால் யாரும் போகலாம் என்று திறந்திருக்கும் ஒன்று. அழைப்பு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். நிறுவனத்தின் மாத அறிக்கையில் இந்த அழைப்புகளெல்லாம் "கோச்களின் ஆர்வம்" என்ற தலைப்பில் எண்ணிக்கையாக ஏறின. என் தொழிலில் இப்படி ஒரு வரவை வரவு வைத்தால் ஆடிட்டர் விரட்டிவிடுவார்.

இனி அந்த ஆயிரம் டாலர். ஆலோசகர் ஒரு காலத்தில் கல்லூரியில் ஆடியவர், பிறகு கொஞ்ச காலம் அசிஸ்டென்ட் கோச். பேச்சு குறைவு. எங்கள் முதல் சந்திப்பிலேயே மகளின் கனவுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லூரியின் ரோஸ்டரையும், அதாவது டீம் பட்டியலையும், திரையில் விரித்தார். யார் எந்த வருடம், யார் எப்போது முடித்துப் போவார், டீமில் ஐந்தாம் ஆளின் சராசரி ஸ்கோர் என்ன, அந்த ஐந்தாம் ஆள் எந்தெந்த டோர்னமென்ட்டுக்குப் போனார், எதற்கு வீட்டில் விட்டுவிட்டார்கள்.

ஏன் ஐந்தாம் ஆள் என்றால், கல்லூரி டோர்னமென்ட்டில் ஒரு டீமுக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் நல்ல நான்கு ஸ்கோர் கணக்கில் சேரும். ரோஸ்டரில் எட்டு ஒன்பது பேர் இருந்தாலும் விமானம் ஏறுவது அந்த ஐந்து பேரும், சில சமயம் தனிநபராக ஆட ஒருவரும்தான். "உன் சராசரி 75. இந்தக் கல்லூரியில் ஐந்தாம் ஆள் 73. இங்கே போனால் இரண்டு வருடம் சட்டை மட்டும் கிடைக்கும். இந்த இன்னொன்றில் ஐந்தாம் ஆள் 76, டீமில் இரண்டு பேர் நீ சேரும் வருடம் முடிக்கிறார்கள்." மகளின் முகம் சுருங்கியது. நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். அத்தனை பணத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் சரக்கு. ரோஸ்டரும் ஸ்கோரும் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பவைதான். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

அடுத்து டோர்னமென்ட் அட்டவணை. நாங்கள் கண்ணில் பட்டதற்கெல்லாம் நுழைவுக் கட்டணம் கட்டத் தயாராக இருந்தோம். அவர் பாதியை அடித்தார். ஒருநாள் டோர்னமென்ட்கள் ஏறக்குறைய எல்லாம் போயின. மூன்று நாள் ஆடுபவை, ஆழமான களம் உள்ளவை, நாங்கள் குறித்திருந்த கோச்கள் நேரில் வர வாய்ப்புள்ளவை நின்றன. "பைன்ஹர்ஸ்டில் நார்த் அண்ட் சவுத் அமெச்சூர் டோர்னமென்ட் நடக்கும்போது இவளைக் கூட்டிக்கொண்டு போய் நடக்கவிடுங்கள். கல்லூரியில் ஆடுகிற பெண் டபுள் போகி போட்டபின், அதாவது ஒரு ஹோலில் வகுத்ததைவிட இரண்டு அடி கூடுதலாக எடுத்தபின், அடுத்த ஹோலைத் தொடங்கும்போது என்ன செய்கிறாள் என்று மட்டும் பார்க்கட்டும்" என்றார். போனோம். அப்படி ஒரு பெண் தண்ணீர் குடித்தாள், கையுறையைச் சரிசெய்தாள், ஃபேர்வே (வெட்டிய புல்தரை) நடுவில் அடித்தாள். மகள் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினாள்.

பண விஷயத்தில் ஆலோசகர் நேராகப் பேசினார், விற்பனை ஆள் பேசவில்லை. விற்பனை ஆள் வாயில் "ஃபுல் ரைடு" (முழுச் செலவுக்கும் ஸ்காலர்ஷிப்) என்ற சொல் தாராளமாகப் புரண்டது. அப்போதிருந்த என்சிஏஏ முதல் பிரிவு விதியில் பெண்கள் டீமுக்கு மொத்தம் 6 முழு ஸ்காலர்ஷிப், ஆண்களுக்கு 4.5. அதை எட்டு ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எல்லாக் கல்லூரியும் அந்த அளவுக்கு நிதி வைத்திருக்கவும் இல்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. 2025–26 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு போய், டீமில் 9 பேருக்கு மேல் வைக்கக்கூடாது என்று வந்திருக்கிறது. ஒன்பது பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆக, உங்களிடம் யாராவது இன்னும் 6, 4.5 கணக்கைச் சொல்லி விற்றால் அவர் கையில் இருப்பது பழைய காகிதம். எங்களுக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கு. மாநிலத்துக்குள்ளேயே படித்ததால் மிச்சமான கட்டணம் அதைவிடப் பெரிய தொகை.

விசா பற்றி ஒரு வார்த்தை. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று வந்ததே, அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். கேள்வித்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் குடும்பங்களில் பாதிக்கு முதல் கேள்வியே இதுதான்.

கல்லூரியில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் ஆலோசகரின் கணக்கு சரியா என்று தெரியும். முதல் வருட இலையுதிர் காலத்தில் மகள் ஐந்து பேரில் இல்லை. ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கு முன்பும் டீமுக்குள்ளேயே குவாலிஃபையிங் என்ற தேர்வு ஆட்டம் உண்டு, சொந்தத் தோழிகளோடு. வசந்தத்தில் தனிநபராக ஒரு வாய்ப்பு, அந்த ஸ்கோர் டீமுக்குச் சேராது. இரண்டாம் வருடம் ஐந்தாம் இடம் நிலைத்தது. ஒரே நாளில் 36 ஹோல், கேடி கிடையாது, பையைத் தானே தூக்க வேண்டும் அல்லது தள்ள வேண்டும். அந்த வாழ்க்கைக்கு உடம்பு பழக ஒரு வருடம் ஆனது. மூன்றாம் வருடம் முதல் முறையாகப் பத்துக்குள் முடித்தாள், 73, 71, 74. டீம் ரீஜனலுக்கு, அதாவது என்சிஏஏ சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய தகுதிச் சுற்றுக்கு, போகவில்லை. 30 டீம் ஆடி, எட்டு டீம் மேட்ச் பிளே என்ற நேருக்கு நேர் ஆட்டத்துக்குப் போகும் அந்த என்சிஏஏ சாம்பியன்ஷிப்பை நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். ஆனால் ரோஸ்டர் பார்த்து அவர் சொன்ன காலக்கெடு ஏறக்குறைய அப்படியே நடந்தது. முதலில் ஆசைப்பட்ட கல்லூரிக்குப் போன அவளுடைய ஜூனியர் கால சிநேகிதி, இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தாள். இவளைவிட நன்றாக ஆடுகிற பெண்.

கல்லூரிக் காலத்தில் பாதி வாழ்க்கை கோடை அமெச்சூர் டோர்னமென்ட்களில் நடக்கிறது, இதை எந்தச் சேவையும் சொல்வதில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும் பிரிட்டனில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து நடத்தும் உலக அமெச்சூர் தரவரிசையில் கல்லூரி டோர்னமென்ட்டும் சேரும், கோடை டோர்னமென்ட்டும் சேரும். கடைசி இரண்டு ஆண்டு ஆட்டம் கணக்கு. மகள் மூன்றாம் வருடம் அதில் ஆயிரங்களில் ஏதோ ஓர் எண்ணாக நுழைந்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டது நான்தான்.

இந்த இடத்தில்தான் நிறுவனம் மறுபடி வருகிறது. அவள் இரண்டாம் வருடம் முடித்த கோடையில் அவர்களுடைய "வெற்றிக் கதைகள்" பக்கத்தில் அவள் படம் ஏறியது, எங்களைக் கேட்காமல். கல்லூரிப் பெயர், கீழே "யு.எஸ். விமன்ஸ் அமெச்சூர்" என்று ஒரு வரி. அவள் ஆடியது அதன் குவாலிஃபையர், அதாவது தகுதிப் போட்டி. ஒரு நாள், 18 ஹோல், 75 அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாம்பியன்ஷிப் என்பது 156 பேர், இரண்டு நாள் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிக் கணக்கு), அதிலிருந்து 64 பேர் மேட்ச் பிளே. 2025இல் பாண்டன் டியூன்ஸ் மைதானத்தில் மேகா கண்ணே ஜெயித்தாரே, அது. குவாலிஃபையர் ஆடியவர்களையெல்லாம் அதில் ஆடியவர்கள் என்று எழுதினால், ஊரில் பாதிப் பேர் ஆடியிருக்கிறார்கள். திருத்தச் சொல்லி எழுதினேன். "கவனிக்கிறோம்" என்று பதில் வந்தது. கவனிக்கவில்லை.

கூத்து என்னவென்றால், கடைசி வருடக் கோடையில் அவள் உண்மையாகவே குவாலிஃபை ஆகி அந்த சாம்பியன்ஷிப்பில் ஆடினாள். இரண்டு ஷாட்டில் 64க்குள் வர முடியாமல் போயிற்று. அவர்கள் பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொய் மட்டும் தானாக உண்மையாகிவிட்டது. எந்தச் சேவையின் வெற்றிப் பட்டியலைப் பார்த்தாலும் இனி நான் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்: ஆடினாளா, குவாலிஃபையர் ஆடினாளா, எந்த இடம், என்ன ஸ்கோர். நான்கும் இல்லாவிட்டால் அது விளம்பரம்.

யார் எடுக்கலாம்? பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்கும் நேரம், கையில் மூன்று நாள் டோர்னமென்ட் ஸ்கோர் கொஞ்சமாவது இருக்கிறது, வீட்டில் யாருக்கும் இந்த உலகம் தெரியாது என்றால், மணிக் கணக்கில் பேசும் ஆலோசகரைப் பிடியுங்கள். பேக்கேஜ் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த வடிவிலும் வேண்டாம். அந்தப் பணத்தை நுழைவுக் கட்டணத்துக்கும் ஹோட்டலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோச்சுக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும், நான்கு வரி, அந்த மாதத்து ஸ்கோர், அடுத்து ஆடப்போகும் இடம். மகளுக்குக் கிடைத்த கல்லூரியே அவள் சொந்தமாக எழுதிய கடிதத்துக்குப் பதில் போட்ட கல்லூரிதான். அதே கோச்சுக்கு நிறுவனம் அனுப்பியிருந்த கடிதம் அவர் கண்ணிலேயே படவில்லையாம்.

பேக்கேஜுக்கு ஐந்துக்கு இரண்டு. ஆலோசகருக்கு மட்டும் என்றால் நாலரை. அரை குறைத்தது, மனிதர் போனை எடுக்கவே மாட்டார் என்பதற்காக.